கார் ஷெட்டை அறையாக்கும்போது செய்யும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, எல்லையைத் தாண்டினால் கேரளத்தின் பாறசாலை. இந்தப் பகுதியில் ஐந்து சென்டிலும் பத்து சென்டிலும் கட்டிய வீடுகளில், கார் ஷெட் கடைசிவரை கார் ஷெட்டாகவே இருப்பது அபூர்வம். மகனுக்குக் கல்யாணம் என்றால் அது படுக்கையறை. மருமகளுக்குத் தையல் தெரியும் என்றால் கடை. மாடிப்படி ஏற முடியாத தாத்தாவுக்கும் அதுதான் அறை. காரோ வாசலில் மழையில் நனைந்துகொண்டிருக்கும். மூன்று சுவரும் கூரையும் ஏற்கெனவே இருக்கின்றன, நான்காவது சுவரை எழுப்பினால் வேலை முடிந்தது என்று கொத்தனாரும் சொல்வார், வீட்டுக்காரரும் நம்புவார்.

அந்தக் கணக்கு தப்பு. கார் ஷெட்டில் யாரும் தூங்குவதில்லை என்பதால் கட்டிட விதிகள் அதற்குச் சில சலுகைகளைக் கொடுத்திருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பைப் பாருங்கள். வீட்டின் தரை சுற்றுநிலத்தைவிடக் குறைந்தது 450 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும் என்கிறது. கார் நிறுத்தும் இடத்துக்கு 150 மில்லிமீட்டர் போதும். வசிக்கும் அறையின் உயரம் 2.75 மீட்டர், கார் ஷெட்டுக்கு 2.4 மீட்டர். மனிதர் குடியேறும் நாளில் இந்தச் சலுகைகள் எல்லாம் காலாவதியாகிவிடும். உங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்துவது மாநில விதிகள்தான் என்றாலும், பொறியாளர்கள் அடிப்படையாகக் கொள்வது இந்த அளவுகளையே.

எல்லையோரத்துக்கென்று தனியாக ஒரு தவறு இருக்கிறது. பாறசாலையில் இருக்கும் அத்தான் எப்படிச் செய்தாரோ அப்படியே களியக்காவிளையிலும் செய்வது. கொத்தனார் அங்கிருந்து வருகிறார், வெட்டுக்கல்லும் வருகிறது, விதியும் கூடவே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டுக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் உள்ளன. கேரளத்துக்கும் அதே 2019இல் வந்த பஞ்சாயத்துக் கட்டிட விதிகளும் நகராட்சிக் கட்டிட விதிகளும் உள்ளன. ஆண்டு ஒன்றானாலும் உள்ளடக்கம் வேறு. கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டத்தின் 220ஆம் பிரிவு, தேசிய, மாநில, மாவட்டச் சாலைகளையும் பஞ்சாயத்து அறிவித்த சாலைகளையும் ஒட்டி மூன்று மீட்டருக்குள் கட்டிடம் எழுப்பக்கூடாது என்கிறது. தமிழ்நாட்டில் முன்பக்கம் விடவேண்டிய இடம் சாலையின் அகலத்தைப் பொறுத்து மாறும். இங்கே மலையோரக் கிராமங்கள் பலவற்றில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதலும் வேண்டும். கடலோரத்தில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும். அத்தானிடம் ஆலோசனை கேட்பதில் தப்பில்லை. வரைபடத்தை மட்டும் உங்கள் பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ காட்டிக் கேளுங்கள்.

இனி தரை. ஷெட்டின் தரை கேட்டை நோக்கிச் சரிந்திருக்கும். கார் கழுவும் தண்ணீர் வெளியே ஓட அது வேண்டும். அந்தச் சரிவின் மேலேயே டைல் ஒட்டிவிட்டால் கட்டிலின் ஒரு கால் தாழும், அது சின்ன விஷயம். பெரிய விஷயம் ஈரம். இந்த மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. நிலத்திலிருந்து ஒரு சாண்கூட உயராத தரையில், ஈரத்தடுப்பு எதுவும் போடாமல் கட்டிய சுவர் ஆறு மாதத்தில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து உதிரும். மேலே எத்தனை பூச்சுப் பெயின்ட் அடித்தாலும் நிற்காது.

சரி, தரையை உயர்த்திவிடலாம் என்பார்கள். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். ஒன்பது அடி உயர ஷெட் என்று வையுங்கள், 2.74 மீட்டர். தரையை ஓர் அடி உயர்த்தினால் மிஞ்சுவது எட்டு அடி, 2.44 மீட்டர். அறைக்கு வேண்டிய 2.75 மீட்டர் எங்கே? ஏ.சி. அறை என்றால் 2.4 மீட்டர் போதும் என்று அதே விதித்தொகுப்பு சொல்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுபவர்களும் உண்டு. மின்சாரம் போன மே மாத இரவில் அந்த அறையில் ஒருமுறை படுத்துப் பார்த்துவிட்டு வாதாடட்டும். தரையை உயர்த்த இடமில்லாத ஷெட்டைப் படுக்கையறையாக்காமல் சாமான் அறையாகவோ வேலை செய்யும் இடமாகவோ வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம்.

அகலத்திலும் ஏமாறுவார்கள். 2.5க்கு 5 மீட்டர் என்பது ஒரு காருக்கான இடம். வீட்டின் பெரிய அறைக்குக் கேட்கும் குறைந்தபட்ச அகலமே 2.4 மீட்டர் என்பதால் சரியாக வந்துவிடும் போலத் தோன்றும். இருபுறமும் திறந்திருந்த ஷெட்டில் அந்த 2.5 மீட்டருக்கு உள்ளேயே இரண்டு ஒன்பது அங்குலச் சுவர்களை எழுப்பினால் உள்ளே இரண்டு மீட்டர் சொச்சம்தான் நிற்கும். காற்றும் வெளிச்சமும் அப்படியே. ஈரவெப்பமான நம் பகுதிக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் வேண்டும் என்பது விதித்தொகுப்பின் அளவு. பன்னிரண்டரை சதுர மீட்டர் அறைக்கு அது இரண்டு சதுர மீட்டருக்கு மேல். நாலடிக்கு நாலடி ஜன்னல் ஒன்று ஒன்றரை சதுர மீட்டர்தான். அந்த ஜன்னல்கள் வெளியே திறந்த இடத்தைப் பார்க்கவேண்டும், ஹாலைப் பார்த்தால் கணக்கில் வராது. ஷெட்டின் ஒரு பக்கம் பெரும்பாலும் எல்லைச் சுவரையே ஒட்டியிருக்கும். அங்கே ஜன்னல் திறந்தால் விதியும் மீறப்படும், பக்கத்து வீட்டுடன் பேச்சும் நின்றுவிடும்.

உயிருக்கே ஆபத்தாக முடியும் தவறு கூரையில் இருக்கிறது. பல வீடுகளில் தூணே இல்லாமல் சுவரிலிருந்து நீட்டிய போர்ட்டிகோவின் கீழ்தான் கார் நிற்கிறது. நீட்டிய கையில் வாளியைத் தொங்கவிட்டால் தோளின் மேல்பக்கம் இழுபடுவதுபோல, அந்தக் கூரையிலும் சுவரோரத்து மேற்பரப்பு இழுபடும், அடிப்பரப்பு அழுந்தும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே பொறியாளர் முக்கியக் கம்பிகளை மேற்பக்கம் போட்டு வீட்டுக்குள் நீளமாக இழுத்துக் கட்டியிருப்பார். இப்போது நுனிக்கடியில் சுவர் எழுப்பிக் கூரையோடு இறுக்கிவிட்டால் கூடுதல் பலம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. இரண்டு பக்கமும் தாங்கிய கூரையாக அது மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு மேலே தண்ணீர்த் தொட்டியோ இன்னோர் அறையோ ஏறினால் நடுப்பகுதி தொய்யப் பார்க்கும், இழுபடுவது அடிப்பரப்பாக இருக்கும். அங்கே அந்தக் கனத்துக்கான கம்பி கிடையாது. நடுவில் நீளவாக்கில் விரிசல் கண்ட போர்ட்டிகோ அறைகளில் பலவற்றின் கதை இதுதான். சுவர் கட்டியே ஆகவேண்டும் என்றால் கனமில்லாத கற்களால் கட்டி, கூரைக்கும் சுவருக்கும் இடையே சிறு இடைவெளி விட்டு, நெகிழ்வான பொருளால் அடைக்கவேண்டும். மேலே எதையும் ஏற்றக்கூடாது. வாசலைப் பெரிதாக்குகிறேன் என்று போர்ட்டிகோ நீட்டும் இடத்திலுள்ள பீமையோ அதன்மேல் நிற்கும் சுவரையோ தொடவே கூடாது; கூரையைப் பின்னால் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கனம்தான்.

சுவரின் அடியிலும் இதே அலட்சியம். கார் நிற்கிற தரை, சுவர் நிற்காதா என்பார்கள். ஒரு சிறிய காரின் மொத்த எடை ஏறக்குறைய ஒரு டன். ஒன்பது அங்குலத்தில் ஒன்பது அடி உயரச் செங்கல் சுவரின் எடை, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒரு டன்னுக்கு மேல், அதுவும் நாள் முழுக்க ஒரே கோட்டில். நாலு அங்குலக் கான்கிரீட் தரை அதற்காகப் போட்டதல்ல. தரையை வெட்டி வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டி அஸ்திவாரம் போட்டாகவேண்டும். பழைய தூணும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை பதித்துப் பூசாவிட்டால் முதல் கோடையிலேயே மேலிருந்து கீழாகக் கோடு விழும்.

தரையை வெட்டும்போதுதான் இன்னொன்று தெரியவரும்: அடியில் என்ன இருக்கிறது என்று. சின்ன மனைகளில் செப்டிக் டேங்க்கையும் தண்ணீர் சம்ப்பையும் மழைநீர்க் குழியையும் வேறெங்கும் வைக்க முடியாமல் கார் நிற்கும் இடத்துக்கு அடியில்தான் வைத்திருப்பார்கள். அறை ஆன பிறகு அந்த மூடி கட்டிலுக்கு அடியில் போய்விடும். டைலால் மூடிவிடலாம் என்பது மிக மோசமான யோசனை. செப்டிக் டேங்க்கில் சேரும் வாயுக்களில் ஹைட்ரஜன் சல்பைடு நஞ்சு, மீத்தேன் தீப்பற்றக்கூடியது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கழிவை உறிஞ்ச லாரி வரும்போது குழாய் நுழைய வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் ஆளை இறக்கச் சொல்லுவார்கள். அது கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிர்ப்பலி வாங்கும் வேலையும் கூட. டேங்க் அடியில் இருந்தால் அறைத் திட்டத்தைக் கைவிடுங்கள், இல்லையென்றால் முதலில் டேங்க்கை இடம் மாற்றுங்கள். மாற்றும்போது கிணற்றையும் நினைவில் வையுங்கள். கேரள விதிகள் கிணற்றுக்கும் கழிவுநீர் உறிஞ்சுகுழிக்கும் இடையே ஏழரை மீட்டர் கேட்கின்றன. வீட்டுக்கு வீடு கிணறு உள்ள நம் பக்கத்திலும் அதற்குக் குறையாமல் விடுவதே புத்தி. மழைநீர்க் குழியையும் மூடிப் போட்டுவிடக்கூடாது. தமிழ்நாட்டில் 2003 முதலே மழைநீர் சேகரிப்பு கட்டாயம்.

அறையோடு கழிப்பறையும் சேர்க்கிறவர்கள் ஒன்றைப் பார்ப்பதில்லை. ஷெட்டின் தரை வீட்டின் தரையைவிடத் தாழ்ந்தது. டேங்க் வீட்டின் மட்டத்துக்கு ஏற்ப வைக்கப்பட்டது. குழாய்க்குச் சரிவு கிடைக்காமல் கழிவு தேங்கும், பெருமழையில் திரும்பியும் வரும். கொத்தனார் கையில் மட்டக்குழாயைக் கொடுத்து முதலில் அளக்கச் சொல்லுங்கள்.

மின்சாரம் பற்றி இரண்டு விஷயம். ஷெட்டில் இருந்த ஒற்றை விளக்குக் கம்பியிலிருந்தே ஏ.சி.க்கும் அயர்ன்பாக்ஸுக்கும் இழுத்துவிடுவது ஒன்று. தனிக் கம்பி, தனி பிரேக்கர், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான் மூன்றும் வேண்டும். மற்றொன்று கட்டணம். அறையைத் தையல் கடையாகவோ பேக்கரியாகவோ மாற்றிவிட்டு வீட்டு இணைப்பிலேயே ஓட்டினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு போடலாம். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். நூறு யூனிட் இலவசத்துக்கு ஆசைப்பட்டு இந்தத் தொகையைக் கட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. கடை என்றால் உள்ளாட்சியின் தொழில் உரிமமும் தேவை. ஓடையை மூடி ரோட்டில் படி வைப்பது ஆக்கிரமிப்பு.

ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே படுப்பவர்களும் இருக்கிறார்கள். வெளியேற அது ஒன்றே வழி என்றால் தீப்பிடித்த இரவில் அதைத் தூக்கித் திறக்க முடியாது. அறைக்குச் சாதாரணக் கதவு ஒன்று கட்டாயம் வேண்டும். அதே அறையின் மூலையில் ஸ்கூட்டர், பெட்ரோல் கேன், இன்வெர்ட்டர் பேட்டரி எதுவும் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் சுத்தியலால் உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாகக் கழற்றவேண்டும். அந்தத் தூசி நுரையீரலை விடாது.

அனுமதி விஷயத்தில் ஒரு குழப்பம். வெள்ளையடிப்பது, பூச்சு, டைல் மாற்றுவது போன்றவற்றுக்கு அனுமதி வேண்டாம் என்பது உண்மை. அதை வைத்து, உள்வேலைதானே என்று சுவரையும் எழுப்பிவிடுகிறார்கள். வரைபடத்தில் கார் நிறுத்துமிடம் என்று காட்டியதை அறையாக்குவது பயன்பாட்டு மாற்றம், அதற்குத் திருத்திய வரைபடம் வேண்டும். காருக்கு மாற்று இடத்தையும் காட்டவேண்டும். தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால், சுயசான்றின் பேரில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. யாரும் வந்து பார்க்காமல் கிடைக்கிறது என்பதால் அளவுகளைக் கூட்டிக் குறைத்துப் போடுகிறவர்கள், சான்றளித்தவர் தாங்களே என்பதை மறந்துவிடுகிறார்கள். அனுமதியில்லாத பகுதியை அகற்றச் சொல்ல 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு இருக்கிறது. கேரளத்தில் முறைப்படுத்தாத கட்டிடத்துக்கு ‘யு.ஏ.’, அதாவது அனுமதியற்றது, என்ற குறியோடுதான் எண் கிடைக்கும். கடன் கேட்டுப் போனாலும் விற்கப் போனாலும் அது கண்ணில் படும்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் சறுக்குவதும் உண்டு. அறை தயார், கார் வெயிலில் காய்கிறது. உடனே முன்பக்கத்து விடுபட்ட இடத்தில் நாலு இரும்புக் குழாய் நட்டுத் தகரம் போடுவார்கள். அதுவும் ஒரு கட்டுமானம்தான், அந்த இடம் திறந்திருக்க வேண்டிய இடம். தகரத்தில் விழும் மழை பக்கத்து விளையில், அதாவது அடுத்தவர் தோட்டத்தில், கொட்டும். அடுத்த வாரம் பேரூராட்சிக்கு மனுப் போகும், அளக்க வருகிறவர் தகரத்தோடு நிற்காமல் அறையின் வரைபடத்தையும் கேட்பார்.