ஃபெலோஷிப் ஆண்டுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறீர்களா? குழந்தையின் ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள்

என் மனைவி பத்திரிகையாளர். பரம்பிக்குளம் - ஆழியாறு தண்ணீரைப் பற்றிப் பல வருடங்களாக எழுதி வருகிறார். 1970-ல் தமிழ்நாடும் கேரளமும் போட்ட ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் சித்தூர்ப் பக்கத்து வயல்களுக்கு அதுதான் உயிர். அதையே ஆய்வுப் பொருளாக எழுதி அனுப்பினார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு கல்வி ஆண்டு ஃபெலோஷிப், அதாவது உதவித்தொகையோடு பல்கலைக்கழகத்தில் படிக்கும் வாய்ப்பு, கிடைத்தது. கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியரான நானும் எட்டு வயது மகளும் கூடவே போனோம்.

செய்தி வந்தது மே மாதம். ஆகஸ்ட் கடைசியில் அங்கே இருக்க வேண்டும். முதலில் மனைவியின் ஆவணம், அப்புறம் என்னுடையது, கடைசியில் குழந்தையுடையது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். அங்கேதான் தவறினோம். மனைவிக்குத் தேவையானதைப் பல்கலைக்கழகமே கேட்டு வாங்கிக்கொண்டது. குழந்தைக்கு வேண்டியதை யாரும் நினைவூட்டவில்லை. அதனால் நீங்கள் குழந்தையிலிருந்து தொடங்குங்கள்.

இன்னும் விண்ணப்பிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. குடும்பத்தோடு போக நினைத்தால் முழுக் கல்வி ஆண்டு ஃபெலோஷிப்பாகப் பாருங்கள். 1938-ல் தொடங்கிய ஹார்வர்டின் நீமன் ஃபெலோஷிப்புக்கு ஐந்து வருட முழுநேர அனுபவம் கேட்கிறார்கள். அங்கே கணவனோ மனைவியோ வகுப்புகளில் உட்கார்ந்து கேட்கவும் இடம் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நைட்-வாலஸும் கல்வி ஆண்டுக் கணக்குதான். ஆக்ஸ்ஃபோர்டின் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தில் சில மாதங்கள் மட்டும். அதற்காகக் குழந்தையின் பள்ளியை மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதல் வேலை: பெயர்

நமக்கு இனிஷியல்தான் வழக்கம், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் அந்தக் கட்டத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.', அதாவது 'முதற்பெயர் தெரியவில்லை' என்று விழும். அப்புறம் வங்கி, பள்ளி, காப்பீடு என்று எல்லா இடத்திலும் அந்த மூன்று எழுத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். நேரம் இருந்தால் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள்.

எல்லைப் பக்கத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். என் மகள் பெயரில் ஒரு 'ழ' உண்டு. பஞ்சாயத்துப் பிறப்புச் சான்றிதழில் மலையாள வழக்கப்படி அது 'இசட்-எச்' ஆகியிருந்தது. ஆதாரில் 'எல்'. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். நாங்கள் அப்படிப் பார்க்காமல் மூன்று வாரத்தை இழந்தோம்.

இரண்டாவது: விசா

ஃபெலோஷிப் பெற்றவருக்கு ஜே-1 விசா, துணைவருக்கும் குழந்தைக்கும் அதைச் சார்ந்த ஜே-2 விசா. விசா கேட்கத் தேவையான, பல்கலைக்கழகம் அனுப்பும் டி.எஸ்.-2019 படிவம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வர வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்குச் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம்தான். செவிஸ் (வெளிநாட்டு மாணவர், ஆய்வாளர் பற்றிய அமெரிக்க அரசின் பதிவேடு) கட்டணம் 220 டாலர், ஜே-1-க்கு மட்டும். ஜே-2-க்குக் கட்ட வேண்டாம். ஃபெலோஷிப் தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கும் முன்னதாக அமெரிக்காவுக்குள் போக முடியாது என்பதை டிக்கெட் எடுக்கும்போது மறக்காதீர்கள். ஜே-2-வில் வேலை செய்ய அங்கே போன பிறகுதான் அனுமதி கேட்க முடியும், அது கைக்கு வரவும் மாதக்கணக்கில் ஆகும். அந்த வருமானத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

மூன்றாவது: ஊசி

செய்தி வந்த வாரமே செய்ய வேண்டியது இது. நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்குப் போடுவது தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்குமான ஊசி. மாசசூசெட்ஸ் பள்ளிகள் கூடவே பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர். இரண்டு முறையும், சின்னம்மை ஊசி இரண்டு முறையும் கேட்கும். சின்னம்மை ஊசி நம் இலவசப் பட்டியலில் இல்லை, தனியார் குழந்தை மருத்துவரிடம்தான் போட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு இரண்டு ஊசிக்கும் நடுவில் பொதுவாக மூன்று மாத இடைவெளி விடுவார்கள். மே மாதத்தில் முதல் ஊசி போட்டால்தான் ஆகஸ்டில் இரண்டாவது.

எல்லா ஊசியையும் மருத்துவரின் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். அங்கே மாதத்தை முன்னால் போடுவார்கள். நம் 5/8, அவர்களுக்கு மே 8 ஆகிவிடும்.

நான்காவது: பள்ளியும் விடுப்பும்

ஜே-2 குழந்தைகள் அங்கே அரசுப் பள்ளியில் கட்டணமில்லாமல் படிக்கலாம். சேரும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் கொடுப்பார்கள். 'தமிழ்' என்றே எழுதுங்கள். ஆங்கிலம் என்று எழுதினால் குழந்தைக்கு நல்லது என்று எனக்கும் தோன்றியது. ஆனால் உண்மையை எழுதினால்தான் ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்வார்கள். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் அந்த உதவி பெரிய ஆறுதல்.

கேரள அரசு ஊழியர் என்றால், துணையோடு சேர்ந்திருக்கச் சம்பளமில்லா விடுப்பு எடுக்கச் சேவை விதிகளில் வழி உண்டு (பின்னிணைப்பு 12-சி). அனுமதி கையில் கிடைக்கும் முன் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

ஐந்தாவது: இரண்டு வீடுகள்

பாஸ்டன் பக்கம் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் செப்டம்பர் 1-ல் தொடங்குகின்றன. முதல் மாதம், கடைசி மாதம், ஒரு மாத முன்பணம் என்று மூன்று மாத வாடகையை ஒரேயடியாகக் கேட்கலாம். ஓராண்டு வெளியூர் போகும் பேராசிரியர்கள் சாமான்களோடு வாடகைக்கு விடும் வீடு கிடைத்தால் நல்லது, பாத்திரம் வாங்கும் செலவு மிஞ்சும். ஆறு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், 1978-க்கு முன் கட்டிய வீட்டில் ஈய வண்ணப்பூச்சு நீக்கப்பட்டதற்கான சான்றைக் கேளுங்கள். அங்கே அது சட்டம்.

ஊர் வீட்டுக்குக் கிணற்று மோட்டாரை வாரம் ஒருமுறை ஓட்ட ஒரு ஆள், மின்கட்டணத்தை இணையத்தில் கட்ட ஏற்பாடு, இவ்வளவு போதும். சிம் கார்டில்தான் கவனம் வேண்டும். வங்கியின் ஓ.டி.பி. எல்லாம் அதில்தான் வரும். கிளம்பும் முன்பே வெளிநாட்டு ரோமிங்கைத் திறந்து, ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ள ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண்ணே போய்விடக்கூடும்.

ஆறாவது: பெட்டி

கிளம்பும் அன்று காலையில் மாமியார் ஈரத்துணியில் சுற்றிய கருவேப்பிலைக் கட்டோடு வந்தார். "ஒரு கொத்துதானுங்க மாப்பிள்ளை, பாப்பாவுக்கு ரசத்துல போட." மறுக்க மனசு வரவில்லை, ஆனால் மறுத்தேன். பச்சைக் கருவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோயைக் கொண்டுபோகக்கூடியது என்பதால் அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். அரிசியும் கூடாது, அதில் வரும் ஒரு வண்டுக்குப் பயந்து தடுத்திருக்கிறார்கள். சாம்பார் பொடி, பருப்புப் பொடி போகும். எதைக் கொண்டுபோனாலும் சுங்க அதிகாரிகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாமியார் அந்தக் கட்டைப் பிரித்து முற்றத்தில் நிழலில் காயப்போட்டார். அரைத்துப் பொடியாக்கி அடுத்து வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார்.

குளிர் உடுப்பு இங்கே வாங்க வேண்டாம். அங்கே பழைய துணிக் கடைகளில் குழந்தைகளுக்கான நல்ல கோட்டு மலிவாகக் கிடைக்கும்.

கடைசி: திரும்பும் வழியை இப்போதே போடுங்கள்

கேரளத்தில் பள்ளி ஜூன் தொடக்கத்தில் திறக்கிறது. ஃபெலோஷிப் மே மாதத்தில் முடியும், அதற்குப் பின் தங்க 30 நாள் அவகாசமும் உண்டு. ஊர் சுற்றிப் பார்க்க ஆசை இருந்தாலும் மே கடைசிக்குள் திரும்பிவிட்டால் குழந்தை வகுப்பின் முதல் நாளிலேயே உட்காரலாம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் தலைமையாசிரியரிடம் கிளம்பும் முன்பே எழுத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். கேரளத் தமிழ்வழிப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. நாங்கள் தமிழையும் மலையாளத்தையும் மட்டும் அச்செடுத்துப் பெட்டியில் வைத்தோம். ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டக் கொட்ட, மகள் இரண்டையும் சத்தமாக வாசித்தாள்.