வெப்பமண்டல நாடுகளில் மழைக்காலப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் என்பதற்காகப் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. விடுதி வாடகை குறையும், கூட்டம் இருக்காது, அருவிகளில் தண்ணீர் கொட்டும், காடு பச்சைப்பசேல் என்று இருக்கும். ஆனால் இந்த நேரத்தில் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பலவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: தன் தலையில் விழும் மழையை மட்டும் பார்ப்பது. அதைச் சமாளிக்க ஒரு ரெயின்கோட் போதும். எங்கோ மலையில் பெய்து ஆற்றோடு இறங்கிவரும் தண்ணீரும், நாள்கணக்கில் ஊறிப்போய்ச் சரியக் காத்திருக்கும் மண்ணும்தான் உயிருக்கு ஆபத்து.

முதல் தவறு வீட்டிலேயே நடந்துவிடுகிறது. நாட்டின் பெயரைப் போட்டு, "எந்த மாதம் மழை?" என்று தேடுகிறோம். ஒரே நாட்டில் இரண்டு கரைகளுக்கு இரண்டு மழைக்காலம் இருக்கலாம். தாய்லாந்தில் புக்கெட் இருக்கும் மேற்குக் கரைக்கு மே முதல் அக்டோபர் வரை மழை. கிழக்கே சாமுய் தீவுக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இலங்கையின் தென்மேற்கில் ஜூன், ஜூலையில் மழை பெய்யும்போது திருகோணமலையில் வெயில் அடிக்கும். அதனால் ஊர்ப் பெயரை வைத்துத்தான் மாதவாரி மழையளவைப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. போனில் வானிலையைத் திறந்தால் ஏழு நாளும் மேகமும் மின்னலும்தான் தெரியும். உடனே மனசு விட்டுப்போய் எல்லாவற்றையும் ரத்து செய்வார்கள். வெப்பமண்டலத்தின் பல இடங்களில் காலை வெயிலில் நிலம் சூடாகி, ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடியோடு ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் காலைப்பொழுது உங்களுடையது. மலையேற்றம், படகு, நீண்ட சாலைப் பயணம் எல்லாவற்றையும் விடியலிலேயே தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். புயலோ காற்றழுத்தத் தாழ்வோ வந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது நாள்கணக்கில் விடாமல் பெய்யும், இருக்கிற இடத்திலேயே தங்குவதுதான் சரி.

அப்புறம், நேர அட்டவணையை இறுக்கிக் கட்டுவது. தீவிலிருந்து காலைப் படகில் கிளம்பி அன்று மாலையே ஊருக்கு விமானம் என்று டிக்கெட் போடுகிறார்கள். கடல் கொந்தளித்தால் படகு விடமாட்டார்கள், விடவும் கூடாது. விமானத்துக்கு முந்தைய ஒரு முழு நாளையாவது நகரத்தில் சும்மா வைத்திருங்கள். விமானத்தைப் பிடிக்கும் பதற்றத்தில்தான், பெரிய படகு நின்றுபோன நாளில் லைஃப் ஜாக்கெட் கூட இல்லாத சின்னப் படகில் ஏறுகிறோம், மண் சரியும் மலைப்பாதையில் இரவு பஸ் பிடிக்கிறோம். பயணக் காப்பீட்டையும் டிக்கெட் போடும்போதே எடுத்துவிட வேண்டும். புயலுக்குப் பெயர் வைத்தபின் எடுக்கும் பாலிசி பெரும்பாலும் அந்தப் புயலால் வரும் இழப்பைத் தராது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு தண்ணீரைக் குறைத்து மதிப்பிடுவது. வேகமாக ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர், அதாவது கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தாலே பெரியவரைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டரில் சின்னக் கார்கள் அடித்துச் செல்லப்படும். 60 சென்டிமீட்டரில் பெரும்பாலான வண்டிகளுக்கும் அதே கதிதான். "முன்னால் போன வண்டி தாண்டிவிட்டதே" என்று இறங்காதீர்கள். அந்தத் தண்ணீருக்கடியில் சாலை இன்னும் இருக்கிறதா என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது.

அருவியிலும் ஓடையிலும் குளிக்கும்போது வானத்தை விடத் தண்ணீரைக் கவனியுங்கள். தெளிவாக ஓடிய நீர் திடீரென்று கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், மேலிருந்து இரைச்சல் கூடும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் பரவாயில்லை, அந்த நொடியே கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள். செருப்பு, பை, போன் எதற்காகவும் திரும்பாதீர்கள். குகைகளுக்குள் இந்தப் பருவத்தில் போகவே வேண்டாம். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும், மழைவெள்ளம் வழியை அடைத்ததால் உள்ளே சிக்கினார்கள். கடைசி ஆளை வெளியே கொண்டுவர ஜூலை 10 ஆகிவிட்டது. மீட்கப் போன முக்குளிப்பவர் ஒருவர் உயிரிழந்தார்.

மூட்டை கட்டுவதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. பைக்கு மேல் போடும் மழையுறையை நம்பி மட்டும் இருக்காதீர்கள், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பையைப் போட்டு அதற்குள் துணியை அடுக்குங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை அப்படியே வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படியும். மூடிய பையோடு வெளியே கொண்டுவந்து, வெளிச்சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள்.

உடம்பு விஷயத்தில் இரண்டு தவறுகள் பரவலாக நடக்கின்றன. ஒன்று, தெருவில் தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடப்பது. எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போய்விடும். இன்னொன்று, கொசுவுக்கு இரவில் மட்டும் பயப்படுவது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். அதனால் கொசு விரட்டியைக் காலையிலேயே பூசிக்கொள்ள வேண்டும்.

டெங்கு, கொசு கடித்த 4 முதல் 10 நாளில் தெரியும், எலிக்காய்ச்சல் ஒரு மாதம் வரைகூடத் தாமதிக்கும். எனவே ஊர் திரும்பியபின் காய்ச்சல் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் போங்கள். எந்த நாட்டுக்குப் போனீர்கள், வெள்ளத்தில் நடந்தீர்களா என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் தொடாதீர்கள், அவை ரத்தக்கசிவைக் கூட்டும். அதுவரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவில்.