டாட்டூ ஆறும்வரை செய்யக் கூடாதவை

புதிதாகப் போட்ட டாட்டூ ஒரு புண். மேலே அழகான படம் இருப்பதால் அது நமக்கு மறந்துபோகிறது. ஊசி மேல்தோலைத் துளைத்து, 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையை விட்டுவிட்டு வருகிறது. அந்தத் துளைகள் மூடி மேல்தோல் ஆற 2 முதல் 4 வாரம் பிடிக்கும். உள்ளே முழுசாகச் சரியாக இன்னும் சில மாதங்கள்கூட ஆகலாம். இந்தச் சமயத்தில் காரியத்தைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் அக்கறை அதிகம் உள்ளவர்கள்தான். சும்மா விட வேண்டிய இடத்தில் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது.

களிம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறையப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்று அப்பிவிடுகிறார்கள். விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து, தோல் லேசாக மினுங்கும் அளவுக்குத் தடவினால் போதும். சில நிமிடம் கழித்தும் பிசுபிசுவென்று இருந்தால் போட்டது அதிகம். டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்துவிடலாம். எந்நேரமும் ஈரத்தில் ஊறும் பொருக்கு கொழகொழத்துப்போய்த் துணியில் ஒட்டும், பிய்ந்து வரும்போது மையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். பெட்ரோலியம் ஜெல்லியை விட, வாசனை சேர்க்காத, தண்ணீர் அதிகமுள்ள லேசான லோஷனே பரவாயில்லை. ஆன்டிபயாடிக் களிம்பை மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் நியோமைசின் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. தடிப்பு வந்தால், மையால் வந்ததா மருந்தால் வந்ததா என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அடுத்து, தண்ணீர். இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் பயந்துபோய்க் கழுவவே மாட்டார்கள். முதல் ஓரிரு நாள் டாட்டூவிலிருந்து நீரும் மையும் கலந்து கசியும். அதைக் கழுவாமல் காயவிட்டால் தடித்த பொருக்காகிவிடும். கையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வெதுவெதுப்பான நீரும் வாசனையில்லாத சோப்பும் கொண்டு, வெறும் கையால் மெதுவாகக் கழுவுங்கள். தேய்க்கும் நார், ஸ்பாஞ்ச் எதுவும் வேண்டாம். அப்புறம் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். பழைய துண்டில் கிருமியும் இருக்கும், நூலும் ஒட்டும். கிருமியைக் கொல்கிறேன் என்று ஸ்பிரிட்டோ ஹைட்ரஜன் பெராக்சைடோ ஊற்றினால் புதிதாக வளரும் செல்களும் சேர்ந்து அடிபடும்.

கழுவுவது வேறு, ஊறவைப்பது வேறு. நீச்சல் குளம், கடல், ஏரி, குளியல் தொட்டி எல்லாவற்றையும் மேல்தோல் ஆறும்வரை ஒத்திப்போடுங்கள். இது வெறும் மிரட்டல் கிடையாது. டாட்டூ போட்ட ஐந்தாவது நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய ஒருவர் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கடல்நீர்க் கிருமி தொற்றி இறந்ததை 2017இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் அப்படி ஆகிவிடாது. ஆனாலும் திறந்த புண்ணோடு கடலில் இறங்க வேண்டிய அவசியம் என்ன?

மூடி வைப்பதிலும் குழப்பம் உண்டு. ஆர்டிஸ்ட் சுற்றிவிடும் சாதாரண பிளாஸ்டிக் தாள் வீடு போய்ச் சேரும்வரைக்கும்தான். காற்றுப் போகாது என்பதால் அதை நாள்கணக்கில் விடக் கூடாது. தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும் காற்றுப் புகும் ஃபிலிம் வேறு ரகம்; அதைச் சில நாள் விடலாம். ஆனால் ஓரம் பெயர்ந்தாலோ உள்ளிருந்து நீர் ஒழுகினாலோ எடுத்துவிட வேண்டும். தூங்கி எழும்போது போர்வையோ சட்டையோ ஒட்டியிருந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், வெதுவெதுப்பான நீரை ஊற்றி நனைத்தால் தானே விடும்.

முதல் வாரம் முடிவதற்குள் தோல் உரிய ஆரம்பிக்கும். கழுவும்போது கருப்பும் சிவப்புமாகத் துணுக்குகள் கையோடு வரும். பார்த்ததும் டாட்டூவே போச்சு என்று பதறிவிடுவார்கள். போவது மேல்தோலில் தங்கிய மை மட்டும். உள்தோலில் இருக்கும் மையை மேக்ரோபேஜ் என்னும் நோய் எதிர்ப்பு செல்கள் விழுங்கி வைத்திருக்கின்றன. ஒரு செல் செத்தால் அது விட்ட மையை இன்னொன்று விழுங்கிக்கொள்கிறது என்று பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 2018இல் எலித்தோலில் காட்டினார்கள். ஆக, தானாக உதிர்வதைப் பற்றிக் கவலை வேண்டாம். நாமாக நகத்தால் பிய்ப்பதுதான் ஆபத்து. பொருக்கோடு ஆழத்தில் உள்ள மையும் வந்து, அந்த இடம் திட்டுத்திட்டாக வெளுக்கும், தழும்பும் விழலாம். அரிப்புத் தாங்கவில்லையா? சுத்தமான ஈரத்துணியைச் சில நிமிடம் வைத்துப் பாருங்கள்.

வெயிலுக்கு சன்ஸ்கிரீன் போடலாமே என்பார்கள். ஆறாத புண்ணில் அதையும் போடக் கூடாது. தளர்வான பருத்தித் துணியால் மறைத்தால் போதும். ஆறிய பிறகு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்கள், வெயிலில்தான் நிறம் மங்கும்.

சிவப்பு, வீக்கம், வலி முதல் சில நாள் இருப்பது சகஜம். அவை குறையாமல் கூடிக்கொண்டே போனால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், டாட்டூவிலிருந்து சிவப்புக் கோடு படர்ந்தால், படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சிவப்பு மை போட்ட இடம் மட்டும் தடித்து அரித்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். மாதங்கள் கழித்தும் அது வரும்.

இன்னொன்று, டச்-அப், அதாவது நிறம் விட்ட இடத்தில் மறுபடி மை ஏற்றுவது, கேட்டு அவசரப்படுவது. உரிந்து முடிந்த புதிதில் டாட்டூ மேல் பால் படிந்த மாதிரி மங்கலாகத் தெரியும். புதுத் தோல் இன்னும் பக்குவப்படவில்லை, அவ்வளவுதான். குறைந்தது 4 முதல் 6 வாரம் விட்டுப் பார்த்துவிட்டு, அப்போதும் எங்காவது நிறம் விட்டுப்போயிருந்தால் ஆர்டிஸ்டிடம் காட்டுங்கள்.