பரம்பரையாக வந்த ஓப்பன் காரை வீட்டிலேயே சரிசெய்வது: இன்ஜினுக்கு முன் கதவைப் பாருங்கள்

துணிக்கூரை போட்ட பழைய கார் ஒன்று குடும்பத்திலிருந்து கைக்கு வந்தால் எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை அதை ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான். தயவுசெய்து அந்த ஆசையைத் தள்ளிப்போடுங்கள். என்னிடம் இருப்பது பெரியப்பா ஓட்டிய 1965 எம்ஜிபி ரோட்ஸ்டர் (இரண்டு சீட் உள்ள பிரிட்டிஷ் ஓப்பன் கார்), அதனால் கீழே வரும் அளவுகளும் பாகங்களின் பெயர்களும் அந்தக் காருடையவை. உங்களுடையது வேறு காராக இருந்தாலும் வேலையின் வரிசை பெரும்பாலும் இதுவேதான்.

ஆர்சி, வாரிசு மாற்றம் எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சேஸிஸ் எண் தகட்டை மட்டும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள், அதன் மேல் பெயின்ட் அடிக்கவே வேண்டாம்.

முதலில் வாங்க வேண்டியவை

இந்தக் காரில் மில்லிமீட்டர் ஸ்பேனர் வேலைக்கு ஆகாது. பெரும்பாலான போல்ட்டுகள் அங்குல அளவு: 7/16, 1/2, 9/16. இவற்றில் 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் சில சமயம் கழலும், பல சமயம் தலை உருண்டுவிடும். ஆறு முனை சாக்கெட் வாங்குங்கள், பன்னிரண்டு முனை வேண்டாம், துருப்பிடித்த போல்ட்டில் அது வழுக்கும். நல்ல ஆக்ஸில் ஸ்டாண்ட் நான்கு வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள்.

கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடத்துப் போல்ட் என்று எழுதி வையுங்கள். எழுதாமல் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், முடியாது.

துருவைத் தேடுவது

மெல்லிய துணியில் சுற்றிய காந்தம், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், டார்ச், இவை போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் தகடு இல்லை, பட்டி இருக்கிறது என்று அர்த்தம். (ஆரம்பகால எம்ஜிபியின் பானட் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டாது, பயப்பட வேண்டாம்.) பட்டி பார்த்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். சீட்டுகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் உட்காரும் பெட்டிகள் இருக்கும், அங்கே ஆசிட் சிந்தி ஓட்டை விழுந்திருப்பது சகஜம்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், தண்ணீர் விட்டுத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள்.

சில்: நேரமெல்லாம் போகும் இடம்

இதைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும்.

சாதாரணக் காரில் கூரை இருக்கிறது, தூண்கள் இருக்கின்றன, எடையை அவையும் பங்கு போட்டுக்கொள்ளும். 1962-இல் வந்த எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடம்பே சேஸிஸ். கூரையும் இல்லை. ஆகவே கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓடும் சில் என்ற பெட்டிதான் காரை நடுவில் தொய்யாமல் பிடித்திருக்கிறது. அது உளுத்துப்போனால் இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்தக் கார் ரோட்டுக்கு லாயக்கில்லை. இன்ஜினுக்கு முன் சில்லைப் பாருங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சோதனை எளிது. கார் நான்கு சக்கரத்தில் சமதரையில் நிற்கும்போது கதவின் பின்விளிம்புக்கும் பாடிக்கும் நடுவே உள்ள சந்தை மேலேயும் கீழேயும் அளந்து எழுதுங்கள். பிறகு முன் கிராஸ்மெம்பரின் (முன்சக்கரங்களுக்கு நடுவே குறுக்கே ஓடும் இரும்புச் சட்டம்) நடுவில் ஜாக் வைத்து மெதுவாகத் தூக்கி மறுபடி அளந்து பாருங்கள், அளவு மாறினால் சில் பலவீனம் என்று அர்த்தம். என் காரில் இடது கதவு மூடவே மறுத்தது, பூட்டின் நாக்கு அதன் தட்டில் போய் இடித்து நின்றது. வெளியே பார்த்தால் சில் பளபளப்பாகத்தான் இருந்தது. துருப்பிடித்த சில்லின் மேலேயே யாரோ ஒரு புதுத் தகட்டை ஒட்டவைத்து மூடியிருந்தார்கள். பழைய ஓப்பன் கார்களில் இந்த மூடுதகடு வேலை மிக அதிகம். தட்டிப் பாருங்கள், மந்தமான சத்தம் வந்தால் உள்ளே துருத்தூள் நிரம்பியிருக்கிறது.

முன் மட்கார்டைக் கழற்றினால் காரணம் தெரியும். சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு குழி, அதில் பல வருடச் சேறு கெட்டியாகிப் படிந்திருக்கும். அதைக் கரண்டியால் தோண்டி எடுக்கும்போது அடியில் ஈரம் தட்டுப்படும். கார் பல மாதம் கூரைக்கடியில் நின்றிருந்தாலும் அந்த ஈரம் அங்கேயே இருக்கும். சில்லின் முன்முனை சரியாக அந்தச் சேற்றுக்குக் கீழேதான் இருக்கிறது.

சரி, வெட்டுவதற்கு முன் முட்டு கொடுக்க வேண்டும். கதவு நிலையின் முன்தூணிலிருந்து பின்தூணுக்கு ஒரு சதுரக் குழாயை வெல்ட் செய்துவிட்டால் போதும் என்றுதான் பலரும் சொல்வார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: குழாய் கதவு நிலையிலேயே இருந்தால் கதவை மாட்டிப் பார்க்க முடியாது. கதவை மாட்டாமல் சில்லை வெல்ட் செய்தால் சந்து சரியா தவறா என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். ஆகவே குழாயை நிலைக்கு உள்பக்கம், பயணிகள் உட்காரும் பகுதிக்குள் தள்ளி வையுங்கள், கதவு முழுவதும் மூடும் அளவுக்கு இடம் விட்டு. இரு முனையிலும் போல்ட் போட்ட தட்டு வைத்தால் கழற்றுவதும் சுலபம். நடுவில் டர்ன்பக்கிள் (சுற்றினால் நீளம் கூடும், குறையும் திருகு) வைத்த குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது, ஒரு மி.மீ., அரை மி.மீ. என்று திருகி நகர்த்தலாம். இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே இன்னொரு குழாயும் கொடுங்கள்.

ஸ்டாண்டுகளைத் தரைத்தகட்டின் கீழே வைக்காதீர்கள். முன்னால் கிராஸ்மெம்பர், பின்னால் லீஃப் ஸ்பிரிங் தொங்கும் இடம், இந்த இரண்டிலும் எடை நிற்கட்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நடு ஏற்கெனவே தொய்ந்திருந்தால் கதவுச் சந்தின் மேல்பக்கம் குறுகியிருக்கும். டர்ன்பக்கிளைத் திருகி, சந்து மேலும் கீழும் ஒரே அளவாக வந்த பிறகுதான் கிரைண்டரைக் கையில் எடுக்க வேண்டும்.

ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டவே கூடாது.

எம்ஜிபியில் சில் என்பது ஒற்றைத் தகடு அல்ல. வெளித்தகடு, நடுவில் ஒரு தடுப்புத் தகடு, உள்தகடு, அடியில் காசில் ரயில் என்ற பல்பல்லான ஒரு பட்டை. வெளித்தகட்டை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நடுத்தகடு போயிருந்தால் அது வெறும் அலங்காரம். அதோடு வெளித்தகடு முன் மட்கார்டுக்குப் பின்னாலும் பின் மட்கார்டுக்குப் பின்னாலும் நீண்டு போகிறது, வெளியே தெரியும் பகுதியை மட்டும் வெட்டி ஒட்டினால் முனைகள் இரண்டும் பழையதாகவே நிற்கும். முன் மட்கார்டு போல்ட்டில் வருவதால் கழற்றிவிடலாம். பின்னால் கீழ்ப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். பாகங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், எம்ஜிபிக்கு ஏறக்குறைய எல்லாத் தகடுகளும் இன்றும் புதிதாக அடித்துத் தரப்படுகின்றன. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் முழு பாடியையே பழைய கருவிகளில் செய்கிறது.

புதுத் தகட்டை கிளாம்ப்பில் பிடித்து, முன் மட்கார்டையும் கதவையும் மாட்டி, பத்துப் பதினைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். சந்து 4 அல்லது 5 மி.மீ. ஒரே சீராக இருந்தால் புள்ளி வெல்ட் வையுங்கள். மறுபடி கதவு. அப்புறம் முழு வெல்ட், அதுவும் 25 மி.மீ. நீளத்துக்கு ஒரு தையல், பிறகு தூரத்தில் இன்னொன்று என்று தாண்டித் தாண்டி. ஒரே ஓட்டமாக இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்து, இவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்து வைத்த சந்து கண்முன்னாலேயே போய்விடும்.

வெல்டரில் என் தேர்வு மிக் (MIG, கம்பியைத் தானே ஊட்டும் வெல்டர்), 0.6 மி.மீ. கம்பி, ஆர்கான் கலந்த வாயு. வாயு இல்லாமல் ஓடும் கம்பி மெல்லிய தகட்டை ஓட்டை போடும், தெறிப்பும் அதிகம், எனக்குப் பிடிக்காது. பேட்டரி, பெட்ரோல் டேங்க், கார்பெட் மூன்றையும் வெளியே எடுத்துவிட்டு வெல்ட் செய்யுங்கள். காலியான டேங்க் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது, அதில் ஒருபோதும் நெருப்பு படக்கூடாது. வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள், உள்ளே ஏதாவது புகைந்தால் தெரியும்.

இன்ஜின்

பாடி உறுதியான பிறகு இது இன்பமான வேலை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் ஊற்றிச் சில நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டுக் கையால் திருப்புங்கள். முரண்டு பிடித்தால் மேலும் எண்ணெய், மேலும் பொறுமை, நீளமான கம்பி வேண்டாம். சுற்ற ஆரம்பித்ததும் எண்ணெயை மாற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரில் சுற்றி, ஆயில் பிரஷர் மீட்டரின் முள் எழும்வரை பொறுங்கள். அதற்குப் பிறகுதான் பிளக்கும் பெட்ரோலும். எண்ணெய் 20டபிள்யூ-50, துத்தநாகச் சேர்மானம் உள்ளதாக இருக்கட்டும். இந்தக் காலத்து மெல்லிய எண்ணெய்களில் அது குறைவு, பழைய டேப்பெட்டுகளும் கேம்ஷாஃப்ட்டும் தேய்ந்துபோகும்.

பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள், அது வார்னிஷாக மாறி கார்புரேட்டரின் ஊசியை ஒட்டவைத்திருக்கும். ரப்பர் குழாய்கள் அத்தனையும் எத்தனால் தாங்கும் ஆர்9 ரகத்துக்கு மாற வேண்டும். பின்பக்கம் இருக்கும் எஸ்யூ (SU) என்ற மின் பெட்ரோல் பம்ப் சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து, பிறகு மெதுவாகி நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கோ ஒழுகுகிறது, அல்லது டேங்கில் பெட்ரோலே இல்லை. சத்தமே இல்லையென்றால் உள்ளே பாயின்ட் (மின்சாரம் தொட்டு விடும் முனை) கறுத்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஒரு தட்டு தட்டினால் ஓடும், ஆனால் அதை நம்பி வண்டி ஓட்டாதீர்கள், பாயின்ட்டை மாற்றிவிடுங்கள்.

பிரேக்

இதில் சிக்கனம் கூடாது. இந்த வருடத்துக் காரில் பிரேக் ஒற்றைச் சுற்று, எங்கே ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர் சீல்கள், பின்சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள், எல்லாம் புதிது. பார்க்க நன்றாக இருக்கும் பழைய ரப்பர் குழாய் உள்ளே வீங்கியிருக்கும், மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பி வராது, சக்கரம் பிடித்துக்கொண்டே சூடாகும். இரும்புக் குழாய்களுக்குப் பதில் செம்பு-நிக்கல் குழாய் போடுங்கள், துருப்பிடிக்காது, கையாலேயே வளையும்.

பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்மைத் திறந்து காற்றடித்துத் தூசி பறக்கவிடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பிரேக் ஆயில் டாட் 4 (DOT 4) ரகம். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், இல்லையென்றால் உரித்துவிடும்.

வயரிங்

1965 காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். பழக்கத்தில் நெகட்டிவை பாடிக்குக் கொடுத்துவிட்டால் பின்னாளில் மாட்டிய எலக்ட்ரானிக் சாமான்கள் எரிந்துவிடும். விளக்கு மங்கலாக எரிந்தால் வயரை மாற்றுவதற்கு முன் எர்த் பிடிக்கும் இடங்களைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள், பாதிக் கோளாறுகள் அங்கேயே தீரும்.

துணிக்கூரை

பெயின்ட் வேலை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக. வெயிலடிக்கும் நாளைத் தேர்ந்தெடுத்து, துணியை அரை மணி நேரம் வெயிலில் விரித்துவிட்டு எடுங்கள், சூட்டில் இளகிக் கொடுக்கும். முன்பட்டையிலும் துணியிலும் நடுப்புள்ளியைக் குறித்து, பின்பக்கத்தை முதலில் மாட்டி, அப்புறம் முன்னால் இழுத்து ஒட்டுங்கள். ஒட்டும்போது கண்ணாடிச் சட்டத்தின் கொக்கியை முழுக்கப் பூட்டாமல் சிறிது தளர்வாக விட்டு ஒட்டினால், பசை காய்ந்து பூட்டும்போது சுருக்கம் போய் விறைப்பாக நிற்கும். பட்டன்களுக்கு ஓட்டை போடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. ஈரத்தோடு மடிக்கக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். குளிர்நாளில் மடித்தால் பிளாஸ்டிக் ஜன்னல் வெள்ளைக் கோடாக உடையும்.

பின்சேர்க்கை

படித்துவிட்டு இரண்டு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தார்கள்: புது சில் போட்டு மூன்று மழை நாளுக்குப் பிறகு உள்ளே தண்ணீர் தேங்கும் சத்தம் கேட்கிறது என்று. காசில் ரயிலின் பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி தண்ணீர் வடியத்தான். சீலண்ட் பூசும்போது அழகுக்காக அதையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். கதவுகளின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளையும் அப்படியே பாருங்கள்.

இன்னொருவர் சில்லின் உள்ளே துரு வராமல் இருக்க எப்போது மெழுகு அடிப்பது என்று கேட்டார். வெல்டிங்கும் பெயின்ட்டும் முழுதாக முடிந்த பிறகு, நீளக் குழாய் வைத்த ஸ்பிரேயால், துளைகளிலிருந்து சொட்டும்வரை அடியுங்கள். சொட்டுவது நின்றதும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று மறுபடி கம்பி விட்டுப் பாருங்கள். மெழுகு அடித்த சில்லின் பக்கத்தில் அதற்குப் பிறகு வெல்ட் செய்ய நேர்ந்தால் முதலில் அதைச் சுத்தமாக வழித்தெடுத்தாக வேண்டும், அது எளிதில் தீப்பிடிக்கும்.