ஏற்காட்டுக் காபி: பன்னிரண்டு கிலோ பழத்தை வைத்து நீங்களே தரம் பிரிப்பது எப்படி

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வருகிறவர்கள் வழி நெடுகக் காபிச் செடியைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், திரும்பும்போது ஒரு பொட்டலம் தூள் வாங்கிப் போகிறார்கள். இங்கேயே கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கிற பலரும் பழத்தைப் பறித்த அன்றே எடை போட்டு வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறோம். நானும் வெகுநாள் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய எஸ்டேட்டில் 'ஸ்பெஷாலிட்டி' என்று தனி விலைக்குப் போகிற கொட்டை, பல நேரம் நம் வேலிக்கு அந்தப் பக்கம் அதே செம்மண்ணில் விளைந்ததுதான். பறித்ததிலிருந்து காய்ந்து மூட்டை ஏறும் வரையான இரண்டு வாரத்தில் அவர்கள் செய்கிற வேலைதான் விலையைக் கூட்டுகிறது. அந்த வேலையைப் பன்னிரண்டு கிலோ பழத்தில் பழகிக்கொள்ளலாம். ஏறக்குறைய ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சுத்தமான கொட்டை என்பது இங்கே விளைகிற அராபிகா வகைக் காபிக்கான கணக்கு, ஆகவே கடைசியில் கையில் இரண்டு கிலோ நிற்கும். சோதித்துப் பார்க்க அது போதும்.

முதலில் செடி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது ஊரறிந்த கதை. இன்று நம் தோட்டங்களில் நிற்பவை பின்னால் வந்த ரகங்கள். எஸ்.795 உயரமாக வளரும், ஆறடிக்கு ஆறடி இடைவெளி கேட்கும். காவேரி குட்டை ரகம், அதற்கு ஐந்தடி போதும். நட்டு மூன்றாம் நான்காம் வருடம் காய்ப்பு தொடங்கும்.

நிழலை மட்டும் குறைத்துவிடாதீர்கள். சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை என்று மேலே மரம் இருந்தால் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை கெட்டியாகும். வெயில் நேராகத் தண்டில் விழுகிற இடத்தில்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தேடிவந்து முட்டை வைக்கிறது. அது புகுந்த செடியைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நெல்லுக்குச் சொல்வார்கள், காபிக்கும் அது அப்படியே பொருந்துகிறது. தையும் மாசியும் மொட்டு காய்ந்து தூங்க வேண்டும், மார்ச் ஏப்ரலில் ஒரு நல்ல மழை அதை எழுப்ப வேண்டும். மழை பெய்து எட்டுப் பத்து நாளில் மலை முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும். அதிலிருந்து எட்டு ஒன்பது மாதத்தில் பழம்.

பறிப்பு

இங்கே நிதானமாக இருங்கள். ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் பூ எல்லாம் ஒரே மழைக்குப் பூத்ததில்லை. கிளையை உருவி இழுத்தால் அரை மணியில் கூடை நிறையும், ஆனால் அந்தக் கூடையில் இருக்கிற பச்சைக்காய் கோப்பையில் வைக்கோல் மாதிரியும் துவர்ப்பாகவும் வந்து நிற்கும், பிறகு எந்தச் சல்லடையும் அதைச் சரிசெய்யாது.

எனக்குப் பறிக்கக் கற்றுக்கொடுத்தது மேல்காட்டிலிருந்து வேலைக்கு வருகிற ஒரு அக்கா. "கண்ணால பார்க்காதீங்க தம்பி, விரல்ல கேளுங்க" என்றார். பழத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினால் உள்ளே கொட்டை வழுக்கிக்கொண்டு நகர வேண்டும், திருகினால் காம்பைச் செடியிலேயே விட்டுவிட்டுப் பழம் மட்டும் கையோடு வர வேண்டும். பலம் கொடுத்து இழுக்கிற மாதிரி இருந்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். காம்போடு பிய்த்தால் அடுத்த வருடத்துக்கான கணுவும் சேர்ந்து காயமாகிறது. நவம்பரில் தொடங்கி ஜனவரி தாண்டியும் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை போக வேண்டியிருக்கும், வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பழத்தை அண்டாவில் தண்ணீர் விட்டு அதில் கொட்டுங்கள். மிதப்பவை உள்ளே சொத்தையானவை, பூச்சி தின்றவை, கிளையிலேயே காய்ந்தவை. அவற்றை அரித்து எடுத்துத் தனியாகக் காயவையுங்கள். அடியில் தங்கியதுதான் நம் சரக்கு.

உரிப்பும் ஊறலும்

பறித்த அன்றே தோல் உரிக்க வேண்டும். ராத்திரி சாக்கில் வைத்தால் சூடேறி உள்ளுக்குள்ளேயே புளிக்க ஆரம்பித்துவிடும். கைப் பல்பர் யாரிடமாவது இரவல் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பன்னிரண்டு கிலோவை நான்கு பேர் உட்கார்ந்து கையாலேயே பிதுக்கிவிடலாம். பல்பரில் இடைவெளியைக் குறைத்து வைத்தால் கொட்டை நசுங்கும், அந்தக் காயம் வறுத்த பிறகும் தெரியும்.

தோல் போன கொட்டையைச் சுற்றி ஒரு கொழகொழப்பு இருக்கும். தண்ணீரை வடித்துவிட்டு வாளியில் அப்படியே மூடி வையுங்கள், நுண்ணுயிர்கள் அதைக் கரைத்துவிடும். அராபிகாவுக்கு 24 முதல் 36 மணி நேரம் என்பார்கள். மார்கழிக் குளிரில் இங்கே இன்னும் இழுக்கும், அதனால் கடிகாரத்தை நம்பாமல் கையை விட்டுப் பாருங்கள். ஒரு பிடி எடுத்துக் கழுவி உள்ளங்கையில் தேய்த்தால் கூழாங்கல் மாதிரி கரகரவென்று சத்தம் கேட்க வேண்டும், வழுக்கக் கூடாது. இன்னொரு சோதனை: ஒரு குச்சியைச் செருகி உருவுங்கள். குழி மூடாமல் அப்படியே நின்றால் ஊறல் முடிந்தது.

முதல் வருடம் நான் ஒரு கல்யாணத்துக்குச் சேலம் இறங்கிப் போய் மறுநாள் மாலைதான் திரும்பினேன். மூடியைத் திறந்ததும் காடி வாடை முகத்தில் அடித்தது. கழுவிக் காயவைத்தும் அந்த வாடை போகவில்லை, வறுத்தபோது வீடே புளித்தது. ஒரு வருட உழைப்பு அது, இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஊற வைத்த நாளில் வெளியூர் போகாதீர்கள்.

முடிந்ததும் மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். இப்போதும் மிதக்கிறவை இருக்கும், அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

காய்ச்சல்

இப்போது கையில் இருப்பது மேல் ஓட்டோடு கூடிய கொட்டை, பார்ச்மென்ட் என்போம். மண்ணில் பரப்பக் கூடாது. தரையில் காய்ந்தால் மண்வாடை ஏறும். கம்பி வலையை நான்கு கல் மேல் தூக்கிக் கட்டி, இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள், மேலும் கீழும் காற்று போகும். மணிக்கு ஒருமுறை கிளற வேண்டும். உச்சி வெயிலில் சற்று மூடி வையுங்கள், இல்லாவிட்டால் ஓடு வெடித்துவிடும். நம் மலையில் கார்த்திகை மார்கழியில் வடகிழக்கு மழையும் மூடுபனியும் சொல்லாமல் வரும், ஆகவே தார்ப்பாய் பக்கத்திலேயே இருக்கட்டும். பாதி காய்ந்தது திரும்ப நனைந்தால் பூஞ்சணம்தான்.

எட்டுப் பத்து நாளில், மப்பாக இருந்தால் இரண்டு வாரத்தில், ஈரம் 10, 11 சதவீதத்துக்கு இறங்கும். ஈரமானி இல்லாதவர்கள் ஒரு சின்னப் பையில் கொஞ்சம் கட்டி தினமும் தராசில் வைத்துப் பாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் போதும். ஓட்டை உரித்துக் கொட்டையைக் கடித்தால் பல் பதியக் கூடாது, நொறுங்கவும் கூடாது. பிறகு சணல் சாக்கில் கட்டிப் பலகை மேல் ஒரு மாதம் வையுங்கள். மிளகாய், மண்ணெண்ணெய் இருக்கிற அறையில் வேண்டாம், காபி எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

சல்லடை

எஸ்டேட்காரர்கள் இந்தக் கட்டத்தில் சரக்கைச் ஓட்டை நீக்கித் தரம் பிரிக்கிற, சமவெளியில் உள்ள கியூரிங் ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். நமக்கு உரலும் உலக்கையும் போதும், மெதுவாகக் குத்தி முறத்தில் புடைத்தால் ஓடு பறந்துவிடும்.

தரத்தின் பெயர்கள் அளவை வைத்து வருகின்றன. 7.10 மில்லிமீட்டர் ஓட்டைச் சல்லடையில் எடையில் 90 சதவீதம் மேலே நின்றால் பிளான்டேஷன் ஏஏ, 6.65 என்றால் ஏ, 6.00 என்றால் பி. அதற்கும் மேலே 7.50 மில்லிமீட்டரில் நிற்பதை வைத்து மைசூர் நக்கட்ஸ் எக்ஸ்ட்ரா போல்ட் தயாரிக்கிறார்கள். பெயர் மைசூராக இருந்தாலும் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக் கொட்டையும் அதில் சேரும். ஒரு பழத்தில் இரண்டு விதைக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்தால் அது பீபெரி, அதைத் தனியாகப் பிரிப்பார்கள்.

ஆனால் சல்லடைக்கு ருசி தெரியாது. பச்சையாகப் பறித்த பெரிய கொட்டையும் அதன் மேல் ஜம்மென்று நிற்கும். அதனால் அடுத்து கையால் பொறுக்க வேண்டும். வெள்ளைத் தாளில், ஜன்னல் வெளிச்சத்தில், 350 கிராம் நிறுத்துப் பரப்புங்கள். முழுக் கறுப்பு, பழுப்பேறிய புளித்த கொட்டை, துளை விழுந்தது, உடைந்தது, நசுங்கியது என்று பிரித்து எண்ணுங்கள். ஸ்பெஷாலிட்டி என்று சொல்ல அந்த 350 கிராமில் முழுக் கறுப்போ புளித்ததோ ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது உலக அளவில் வழங்கிவருகிற விதி. ஒன்று இருந்தாலும் சரக்கு முழுவதையும் மறுபடி பொறுக்குங்கள். எனக்கு ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

கடைசியாகக் கோப்பை

கொஞ்சம் எடுத்து இளம் வறுவலாக வறுத்து ஒருநாள் ஆறவிடுங்கள். ஐந்து கிண்ணத்தில் தலா 8.25 கிராம், தனித்தனியாக நிறுத்துத் தனித்தனியாக அரைத்துப் போடுங்கள். கொதி அடங்கிய வெந்நீர் 150 மில்லி ஊற்றி நான்கு நிமிடம் கழித்து மேலே மிதக்கிற தூளைக் கரண்டியால் விலக்கி மோந்து பாருங்கள், ஆறியதும் உறிஞ்சிக் குடியுங்கள். பாலும் சர்க்கரையும் சிக்கரியும் இதில் கிடையாது. ஒரே ஒரு புளித்த கொட்டை விழுந்திருந்தாலும் அந்தக் கிண்ணம் மட்டும் தனியாக நாறும், ஐந்து வைப்பது அதற்காகத்தான். பயிற்சி பெற்றவர்கள் இதற்கு 100க்கு மதிப்பெண் போடுவார்கள், 80க்குக் கீழே போனால் ஸ்பெஷாலிட்டி இல்லை. நாம் மதிப்பெண் போட வேண்டாம், ஐந்தும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அப்புறம் ஒவ்வொரு சாக்கிலும் பறித்த தேதி, எந்த மூலைச் செடி, எத்தனை மணி நேரம் ஊறியது என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். போன முறை எனக்கு ஐந்து கிண்ணமும் ஒன்று போல இனித்தது பலா மரத்தடிச் செடிகளில் மூன்றாம் சுற்றில் பறித்த சாக்கு. சீட்டு இருந்ததால்தான் இந்த வருடம் அந்த மூலையைத் தனியாகப் பறிக்கிறேன்.