நிலம் பற்றிய வாக்குத்தத்தத்தை வீட்டுக்கூட்டத்தில் படிப்பது எப்படி

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கத்து வீட்டுக்கூட்டங்களில் யோசுவா புத்தகத்தை எடுத்தால் ஒரு கேள்வி வரும். வாக்குப்பண்ணிய கானான் தேசம் முழுவதையும் கர்த்தர் இஸ்ரவேலருக்குக் கொடுத்துவிட்டார் என்று யோசுவா 21:43 சொல்கிறதே, பிறகு நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தில், முன்பு அங்கே வாழ்ந்த கானானியர் எப்படி அங்கேயே இருக்கிறார்கள்? உடனே பதில் சொல்லாதீர்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிப் படியுங்கள்.

ஆளுக்கொரு கானான் வரைபட நகலும் இரண்டு நிறப் பென்சிலும் போதும். இளையோர் ஆங்கில வேதாகமம் கொண்டுவந்தால், நம் ‘ஐபிராத்து’தான் அவர்களுடைய ‘யூப்ரடீஸ்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நதியைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

முதலில் எல்லைகள். ஆதியாகமம் 15:18 எகிப்தின் நதியிலிருந்து ஐபிராத்துவரை என்கிறது. எண்ணாகமம் 34இலோ கிழக்கு எல்லை யோர்தானோடு நின்றுவிடுகிறது. இரண்டையும் வெவ்வேறு நிறத்தில் வரையுங்கள். ஒரே கோடாக வரைந்தால் பிறகு எந்த வசனமும் பொருந்தாது. தேசத்தின் அளவு பிடிபட ஒரு கணக்கு: வடகோடித் தாணிலிருந்து தென்கோடிப் பெயெர்செபாவரை நேர்க்கோட்டில் சுமார் 235 கி.மீ. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குச் சாலைவழித் தூரத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

அடுத்து, வினைச்சொற்களைக் கோடிடுங்கள். ‘கொடுத்தல்’ கர்த்தருடையது, ‘சுதந்தரித்தல்’ (உரிமையாக்கிக்கொள்ளுதல்) ஜனங்களுடையது. எபிரெயத்தில் நாத்தான், யாராஷ். ஆதியாகமம் 12:7இல் “கொடுப்பேன்”, 15:18இல் “கொடுத்தேன்”. அப்படியும் சாராளை அடக்கம்பண்ண ஆபிரகாம் 400 சேக்கல் (அக்கால எடை அளவு) வெள்ளி கொடுத்துத்தான் நிலம் வாங்கினார். பட்டா பெயருக்கு வந்தும் நிலத்தில் வேறொருவர் குடியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு சட்டென்று விளங்கும்.

இப்போது கேசேர் என்ற ஒரே ஊரைத் தொடருங்கள். முழுப் பாடமும் அதில் இருக்கிறது. யோசுவா 10:33இல் அதன் ராஜா ஓராம் முறியடிக்கப்படுகிறான். 16:10இல் கானானியர் இன்னும் ஊருக்குள். 21:21இல் அதே ஊர் ஆராதனைப் பணி செய்யும் கோத்திரமான லேவியருக்கு ஒதுக்கப்படுகிறது. எல்லாம் கொடுக்கப்பட்டது என்ற வசனம் அதே அதிகாரத்தில்தான் வருகிறது! நியாயாதிபதிகள் 1:29இலும் கானானியர் அங்கேயே. கடைசியில் 1 இராஜாக்கள் 9:16: பார்வோன் அதைப் பிடித்துச் சுட்டெரித்து, சாலொமோனை மணந்த தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கிறான். இதை வாசித்ததும் யாத்திராகமம் 23:29-30க்குப் போங்கள். தேசம் பாழாகி காட்டுமிருகங்கள் பெருகாதபடி, ஒரே வருஷத்தில் அல்ல, கொஞ்சங்கொஞ்சமாகத் துரத்துவேன் என்பது கர்த்தர் முன்பே சொன்ன வார்த்தை.

பலர் 1 இராஜாக்கள் 4:21இல் நிறுத்தி, நிறைவேறிவிட்டது என்று முடித்துவிடுவார்கள். (யூதப் பதிப்புகளில் அது 5:1.) அங்கே சொல்லப்படுவது கப்பம் கட்டும் ராஜ்யங்களைச் சாலொமோன் ஆண்டது, அங்கெல்லாம் குடியேறியது அல்ல. லேவியராகமம் 25:23, உபாகமம் 28 இரண்டையும் விட்டுவிட்டாலும் பாடம் ஊனமாகிவிடும்: நிலம் என்னுடையது என்கிறார் கர்த்தர், கீழ்ப்படியாவிட்டால் பிடுங்கப்படுவீர்கள் என்கிறார். கி.மு. 722இல் வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா விழுந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் பேச்சு இன்றைய செய்திகளுக்குத் தாவும். வாசிப்பு முடியும்வரை தள்ளி வையுங்கள். முடிக்காமல் பேசினால் வசனம் வாதத்துக்கு ஆயுதமாகிவிடும்.

எரேமியா 32க்கு நிதானமாக நேரம் கொடுங்கள். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருக்கும்போது தீர்க்கதரிசி எரேமியா 17 சேக்கல் வெள்ளிக்கு ஆனதோத்தில் நிலம் வாங்கி, முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பத்திரத்தையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். பிறகு நெகேமியா 9:36. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்கள், கொடுக்கப்பட்ட தேசத்திலேயே அடிமைகளாயிருக்கிறோம் என்று ஜெபிக்கிறார்கள். அதைச் சத்தமாக வாசித்துவிட்டு ஜெபத்துக்குப் போங்கள்.