கிரேக்கக் கடவுளருக்குக் கேக் படையல்: எழுத வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பண்டைய கிரேக்கச் சடங்குகளைப் பற்றிப் புதிதாக எழுதுகிறவர்கள் தங்கள் கட்டுரைகளைத் திருத்தச் சொல்லி எனக்கு அனுப்புவதுண்டு. படையல் கேக் பற்றிய பகுதி வந்ததும் அடுத்த பத்தியில் என்ன தவறு காத்திருக்கிறது என்பது எனக்குத் தெரிந்துவிடும். எல்லாம் ஒரு காலத்தில் நானே எழுதியவைதான். சமையல் குறிப்பில் சர்க்கரை சேர்ப்பது போன்ற வெளிப்படையான பிழைகளை விட்டுவிடுகிறேன். அவர்களுக்கு இனிப்பு என்றால் தேன்.

ஆடு வாங்க வழியில்லாதவர்களின் படையல்

என் பொறுமையை இன்றும் சோதிப்பது இந்த ஒன்றுதான். விலங்குப் பலி பணக்காரர்களுக்கு, கேக் ஏழைகளுக்கு என்று பிரித்துவிட்டால் எழுதுவது எளிது. ஒரு மாணவி தன் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்தையே இந்தப் பிரிவின்மேல் கட்டியிருந்தார். சமர்ப்பிக்கும் நாள் நெருங்கியபோது பண்டைய கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸின் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னேன். அத்தியாயம் முழுவதையும் எடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய வழிகாட்டி அதை முன்பே படித்து ஒப்புதல் தந்திருந்தார் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அந்தப் பத்தி சொல்வது இது: ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில், எரெக்தையோன் கோயிலின் வாசலுக்கு முன்னால் ‘உன்னத ஜீயஸ்’ பீடம் இருந்தது. அதில் உயிருள்ள எதையும் பலியிட மாட்டார்கள். கேக்குகளை மட்டும் வைப்பார்கள், மதுவும் கிடையாது. நகரத்தின் தலையாய புனித இடத்தில் ஆடு வாங்கக் காசில்லாமலா இப்படிச் செய்தார்கள்? இந்த வழக்கத்தைத் தொன்மையான அரசன் செக்ரோப்ஸ் தொடங்கியதாகவே பௌசானியஸ் வேறோர் இடத்தில் சொல்கிறார். அதே காலத்தில் ஆர்க்கேடியாவின் அரசன் லிக்கேயான், ஜீயஸின் பீடத்தில் ஒரு குழந்தையைப் பலியிட்டதையும் அருகிலேயே வைத்து, செக்ரோப்ஸை அறிவாளி என்கிறார். இரத்தமில்லாத படையலுக்கு அங்கே மதிப்புத்தான் கூடுகிறது.

அதே குன்றில் வாழ்ந்ததாக நம்பப்பட்ட காவல் பாம்புக்கு மாதந்தோறும் தேன் கேக் வைத்தார்கள். கி.மு. 480-இல் பாரசீகப் படை நெருங்கியபோது கேக் தொடப்படாமல் கிடந்ததைப் பெண் பூசாரி அறிவித்தார். தெய்வமே கோட்டையைவிட்டுப் போய்விட்டது என்று எண்ணிய மக்கள் நகரைக் காலி செய்வதில் இன்னும் வேகம் காட்டினார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதுகிறார்.

ஏதென்ஸின் பைரேயஸ் துறைமுகத்தில் இருந்த, நோய் தீர்க்கும் கடவுள் அஸ்க்லேபியஸின் கோயில் கல்வெட்டு இன்னும் தெளிவு. கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதலில் கொடுக்க வேண்டியவை என்று தொடங்கி மலேயாட்டஸ், அப்போலோ, ஹெர்மிஸ், இயாசோ, அகேசோ, பனகேயா ஆகிய தெய்வங்களுக்கு மும்மூன்று கேக்குகள் என்று பட்டியலிடுகிறது. பிறகு நாய்களுக்கு மூன்று, வேட்டைக்காரர்களுக்கு மூன்று. கேக் இங்கே எதற்கும் மாற்று இல்லை. சடங்கைத் தொடங்கிவைப்பதே அதுதான். வசதி படைத்தவரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

விலங்குக்கு மாற்றாகக் கேக் வைத்த இடங்களும் உண்டு. ஏதென்ஸில் ஜீயஸுக்கு எடுத்த டயாசியா விழாவில் பலர் பலிவிலங்குகளுக்குப் பதிலாக உள்ளூர்ப் படையல்களைத் தந்ததாக வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் கூறுகிறார். அவை விலங்கு வடிவில் செய்த கேக்குகள் என்று பழைய உரைக்குறிப்பு சேர்க்கிறது. அங்கேகூட ‘ஏழைகள்’ என்று ஒரு பேச்சும் இல்லை. அதை நாமாகச் சேர்க்கிறோம்.

பிறந்தநாள் கேக்கின் தாத்தா

ஏதென்ஸ் நாட்காட்டியின் முனிக்கியோன் மாதம் பதினாறாம் நாள் ஆர்ட்டமிஸ் தேவிக்குச் சுற்றிலும் சிறு விளக்குகள் செருகிய ‘அம்ஃபிஃபோன்’ கேக் கொண்டுபோனார்கள். உண்மை. அதிலிருந்து இன்றைய மெழுகுவத்திக் கேக்குக்கு நேர்கோடு இழுக்க ஆதாரம் ஒன்றும் கிடையாது. தமிழில் எழுதுகிறவர்கள் அடுத்த வரியிலேயே மாவிளக்கைக் கொண்டுவருவார்கள். மாவிளக்கில் மாவே அகல். இதில் விளக்கைக் கேக்கின்மேல் செருகினார்கள். ஒப்பிடலாம், உறவு கொண்டாட வேண்டாம்.

நகைச்சுவை நாடகத்தைச் சாட்சிக்கு அழைப்பது

அரிஸ்டோஃபனிஸின் ‘புளூட்டஸ்’ நாடகத்தில் அஸ்க்லேபியஸ் கோயில் பூசாரி இரவில் பீடம் பீடமாகப் போய், மிச்சமிருக்கும் கேக்கையும் அத்திப்பழத்தையும் பைக்குள் ‘அர்ப்பணிக்கிறார்’. இதை வைத்துப் பூசாரிகள் எல்லாரும் திருடர்கள் என்று எழுதாதீர்கள். படையல் மேசையில் வைத்தவை பூசாரிக்குச் சேருவது பல கோயில்களில் வழக்கம். சிரிப்பு அவருடைய அவசரத்தில் இருக்கிறது.

டெல்ஃபியில் மாவைத் தேடுவது

டெல்ஃபி குறி கேட்கும் கோயில். மாவுப் படையலைக் குறித்த ‘பெலனோஸ்’ என்ற சொல் அங்கே குறி கேட்பதற்கான கட்டணத்தின் பெயராக மாறிவிட்டது. ஃபசேலிஸ் நகரத்தாருக்கு விதித்த வீதம் கல்வெட்டில் இருக்கிறது: நகரத்தின் சார்பில் கேட்டால் 7 டிராக்மா 2 ஓபோல், தனியாள் கேட்டால் 4 ஓபோல் (ஒரு டிராக்மா என்பது ஆறு ஓபோல்). கணக்குப் போட்டால் நகரத்துக்குப் பதினொரு மடங்கு.

களிமண் கேக்குகள்

கொரிந்து நகரில் தானிய தேவி டெமீட்டரின் கோயிலில் கிடைத்த சின்னச் சின்ன மண் தட்டுகளும் அவற்றில் ஒட்டிய மண் கேக்குகளும் பொம்மைகள் அல்ல. காணிக்கைகள்.

காலக் கலப்பு

ஹெரடோட்டஸுக்கும் பௌசானியஸுக்கும் இடையே ஏறக்குறைய 600 ஆண்டுகள். ஒரே வாக்கியத்தில் போடுவதானால் அதையும் சொல்லிவிட்டுப் போடுங்கள்.